சதி செய்ய இயலாத ஐவர்

அத்தானின் கைப்பேசி, ஒரு விடுதியின் நாற்பது படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து, கொதிக்கும் வெந்நீரில் ஐம்பது நிமிடம் துவைக்கப்பட்டது. அவர் பதினெட்டு ஆண்டுகளாகச் சலவைக் கடை நடத்துகிறவர். பைகளைத் தடவிப் பார்க்காமல் எவருடைய சட்டையையும் இயந்திரத்துக்குள் போட்டதில்லை. அன்று வியர்வை தாங்காமல் அவர் கழற்றிப் போட்டது சொந்தச் சட்டை. அதைத் தடவிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

“ஏம்மா, போன் போச்சு,” என்று அக்காவின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார். “ரொம்ப சுத்தமா போச்சு.”

ஆறு ஆண்டுகளாக அவர் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த கிரிப்டோ நாணயங்கள் அனைத்தும் அந்தக் கைப்பேசியின் வாலட் செயலியில் இருந்தன. மூடப்பட்ட ஓர் ஆலையின் நீராவி இஸ்திரி இயந்திரத்துக்கு அவர் விலை பேசியிருந்தார். விற்பவர் அந்த நாணயமாகவே பெற்றுக்கொள்ளச் சம்மதித்து, அன்று மாலை நான்கு மணிவரை கெடு கொடுத்திருந்தார். தவறினால் இயந்திரம், வரிசையில் அடுத்து நின்ற, எதிரிலுள்ள சலவைக் கடைக்காரருக்குப் போய்விடும்.

என்னை அழைத்ததற்குக் காரணம் உறவு மட்டுமன்று. அந்த வாலட்டைத் தயாரிக்கும் நிறுவனத்தில்தான் நான் வேலை செய்கிறேன். திரையில் தோன்றும் வாக்கியங்களை எழுதுவது என் பணி. முன்பு, வாலட்டை மீட்க உதவும் பன்னிரண்டு சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லி வந்தோம். மக்கள் பத்திரப்படுத்தினார்கள், எங்கே என்பதைத்தான் மறந்தார்கள். ஒருவர் மறக்கக் கூடாதென்று அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, தம் புதுச் சமையலறையைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

எனவே தாளைக் கைவிட்டு, ‘ஐவர் காவல்’ என்ற முறையைக் கொண்டுவந்தோம். உரிமையாளர் ஐந்து பேரை முன்னதாகவே குறித்துவைக்க வேண்டும்; அவர்களும் தத்தம் கைப்பேசியில் செயலியை இறக்கி, ‘சரி’ என்று அழுத்திச் சம்மதிக்க வேண்டும். கைப்பேசி போய்விட்டால், அவர்களில் மூவர் அவரை நேரில் பார்த்து, அவருடைய புதுக் கைப்பேசியில் தோன்றும் குறியீட்டைப் பதினைந்து நிமிடங்களுக்குள் தத்தம் கைப்பேசியால் ஸ்கேன் செய்து, ‘இவர்தான்’ என்று உறுதிசெய்ய வேண்டும். அவ்வளவே. சாமானியருக்கு இதைவிட எளிய பாதுகாப்பு இல்லை என்று விளம்பரத்தில் எழுதியவளும் நானே.

நான் கடையை அடைந்தபோது மணி பன்னிரண்டு. அத்தான் புதுக் கைப்பேசியோடு காத்திருந்தார்.

“யாரு அத்தான் அந்த அஞ்சு பேரு?”

“எங்க அண்ணன், என் தங்கச்சி, எதிர்க்கடைக்காரன், உங்கம்மா, பல் டாக்டர்.”

“உங்க அண்ணனும் தங்கச்சியும் பேசி ஒன்பது வருஷமாச்சே?”

“ஆமா.”

“எதிர்க்கடைக்காரர் உங்க போர்டு பெருசா இருக்குன்னு கேஸ் போட்டவராச்சே?”

“அவனேதான்.” அத்தானின் குரலில் பெருமிதம் இருந்தது. “நீதானே எழுதியிருக்கே, ஒண்ணு சேந்து சதி பண்ண முடியாத ஆளா எடுக்கணும்னு? ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். இந்த அஞ்சு பேர்ல எந்த மூணு பேரும் ஒரே ரூம்ல நிக்க மாட்டாங்க. அப்புறம் எவன் திருடுவான்?”

அவர் வாலட் உலகிலேயே பாதுகாப்பானதாக இருந்தது. உரிமையாளரும் நெருங்க முடியாத அளவுக்கு.

முதலில் என் அம்மாவை அழைத்தேன். “அதுவா? போன்ல எடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்டி. பூட்டுப் படம் போட்டு சும்மா கெடந்துச்சு,” என்றார். பல் மருத்துவரோ அப்போது ஏதோ ஒரு கடலுக்கு மேலே விமானத்தில் இருந்தார். ஆக எஞ்சியவர்கள் மூவர், மூவரும் வேண்டும்.

பேருந்து ஓட்டுநரான அண்ணன் ஒரு மணிக்குச் சீருடையோடு வந்தார். மருந்துக் கடை நடத்தும் தங்கை அடுத்து வந்தார். உள்ளே நின்றவரைக் கண்டதும் வந்த வழியே திரும்பினார். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். கடைசியாக எதிர்க்கடைக்காரர், அழைக்கப் போன என்னை முந்திக்கொண்டு தெருவைக் கடந்தார்.

“என்ன முதலாளி, நான் இல்லாம உன் பெட்டி திறக்காதாமே?”

“யோவ், அன்னைக்கு நீதானே சரின்னு அமுத்தினே?”

“இன்னொரு வக்கீல் நோட்டீஸ்னு நினைச்சு அமுத்தினேன்யா.”

குறியீடு திரையில் தோன்றியது. அண்ணன் முதலில் ஸ்கேன் செய்து முடித்தார்.

“கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க அண்ணி,” என்று தங்கை அக்காவிடம் சொன்னார். அண்ணன் இரண்டடி தொலைவில்தான் நின்றார்.

“சீக்கிரம் அமுத்தச் சொல்லு அவள!” என்றார் அண்ணன், அத்தானிடம். “என்னத்தப் படிச்சிட்டு நிக்கிறா? அமுத்தச் சொல்லுடா!”

தங்கை மருந்துக் குப்பியின் விவரச்சீட்டைக்கூட முழுதும் படிப்பவர். திரையின் கடைசிக் கேள்வி: ‘இதைச் செய்யும்படி உங்களை யாராவது வற்புறுத்துகிறார்களா?’ அவர் ஒருகணம் அண்ணனைப் பார்த்தார். ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

‘பதற வேண்டாம். பாதுகாப்பு கருதி ஒரு மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறோம்’ என்றது திரை. அதுவும் என் வாக்கியமே. அதைப் படித்தவர்கள் அனைவரும் ஒருசேரப் பதறினார்கள்.

“கேட்டுச்சு, உள்ளதச் சொன்னேன்,” என்றார் தங்கை. “நான் என்ன பொய் சொல்லணுமா?”

மணி ஒன்றே முக்கால். இரண்டே முக்காலுக்குத்தான் மீண்டும் முயல முடியும். இதற்கிடையில், விடுதியின் வண்டி மூன்று மணிக்கு வந்துவிடும். நாற்பது விரிப்புகளும் உலர்த்தியில் சுருண்டு கிடந்தன. அத்தான் ஒன்றை உருவித் தனியாக மடிக்கப் போராடினார். பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் அதை வாங்கி உதறினார். மறுமுனை தரையில் படப்போன நேரத்தில் அதைப் பிடித்தது தங்கையின் கை.

பெரிய விரிப்பை மடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு: ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் எதிரெதிரே நடந்துவந்து கையோடு கை சேர்க்க வேண்டும். முதல் ஆறு விரிப்புகளுக்கு இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஏழாவதில் தங்கை சொன்னார்:

“நல்லா தொப்பை போட்டிருக்கு.”

இம்முறை அது அக்காவிடம் சொன்னதுபோல் இல்லை.

“நாள் பூரா சீட்டுலயே உக்காந்தா வேற என்ன போடும்?” என்றார் அண்ணன். பிறகு, தயங்கி, “உனக்கு எப்ப கண்ணாடி வந்துச்சு?”

“அது ஆச்சு நாலு வருஷம்.”

“யோவ், ஓரத்தோட ஓரம் சேருங்கய்யா, பாக்கச் சகிக்கல!” என்று எதிர்க்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். வேலை மும்மடங்கு வேகத்தில் நடந்தது. பேச்சு அதைவிட வேகமாக நடந்தது.

இரண்டே முக்காலுக்கு அண்ணனும் தங்கையும் உறுதிசெய்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் தம் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றார்.

“நான் ‘இல்ல’ன்னு அமுத்தினா மெஷின் எனக்கு,” என்றார், உரக்கச் சிந்திப்பவர்போல.

அண்ணன் வாயைத் திறந்தார். தங்கை எட்டி அதைப் பொத்தினார். “வற்புறுத்தாதீங்க பெரியண்ணா! இன்னும் ஒரு மணி நேரம் போயிடும்!”

எனவே யாரும் வற்புறுத்தவில்லை. மற்ற ஐவரும் மிகுந்த மரியாதையோடு சுவரைப் பார்த்தோம்.

“வாரத்துல ரெண்டு நாள் உன் துணியும் அதுல போடு,” என்றார் அத்தான், சுவரிடம்.

“மூணு.”

“ரெண்டு. ரிப்பேர் வந்தா என் செலவு.”

எதிர்க்கடைக்காரர் அழுத்தினார். வாலட் திறந்தது. மூன்று இருபதுக்கு நாணயங்கள் போய்ச் சேர்ந்தன, இயந்திரம் அத்தானுடையதாயிற்று. வாங்கியது போக, சேமிப்பில் பாதிக்குமேல் இன்னும் வாலட்டிலேயே இருந்தது.

காவலர் மூவரும் டீ குடிக்கப் புறப்பட்டார்கள். தெருவில் அண்ணன் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தானின் புன்னகை மெல்லக் குறைந்தது.

“ஏம்மா, மூணு பேர் சேந்தா போதும்ல?”

“போதும்.”

“வேற எவனையாவது காட்டி, அவன்தான் நான்னு மூணு பேரும் சொன்னா?”

“ஆப் நம்பிடும் அத்தான்.”

“காவல் ஆள மாத்த எத்தன நாளாகும்?”

“ஏழு நாள்.”

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு தெருவில் இறங்கிக் கத்தினார்: “தங்கச்சி! உனக்கு மடிக்கத் தெரியலன்னு அண்ணன் சொன்னாரே, காதுல விழுந்துச்சா?”

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தங்கை அவரையும் டீ குடிக்க வரும்படி கையசைத்தார்.

அத்தான் போகவில்லை. உள்ளே வந்து, கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து, காவலர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அக்காவிடம் விசாரிக்கத் தொடங்கினார்.