ஆர்லிஸின் சோளக் கடை

நனைத்த பஞ்சுக் குச்சியைக் கார்லா உதட்டருகே கொண்டுபோனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணி என்னடி?"

"ஒன்பதரை."

"அப்ப ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்க?"

இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்காதவள், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்குகிறவள், இதை மட்டும் தடங்கலில்லாமல் கேட்டாள். முன்னறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம் கொண்டை விட்டு நின்றது. இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் நின்று தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அம்மா ஆர்லிஸுக்குப் பாம்புச் செவி.

"இந்த வருஷம் விட்டுடலாம்மா."

"எதை விடணும்?"

எதை என்று கார்லாவுக்கும் தெரியும், கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எமிலுக்கும் தெரியும். அன்று மாவட்டக் கண்காட்சியின் முதல் நாள். நுழைவாயிலை ஒட்டி, எலுமிச்சைச் சாறு விற்பவனுக்கு எதிரே, இருபத்தாறு வருஷமாக ஆர்லிஸின் கடை இருக்கிறது. கடை என்று பேரே தவிர விற்பனை கிடையாது. டவுன் பிள்ளைகள் இறங்கிப் புரள்வதற்கு ஒரு பெரிய மரத்தொட்டி நிறைய உதிர்த்த மக்காச்சோளம். பக்கத்தில் பழைய புல்வெட்டி எஞ்சின் ஒன்று. சோளத்திலிருந்து எடுத்த எத்தனால் என்ற எரிபொருளில் அதை ஓடவிட்டு, பெல்ட் மாட்டி, ஐஸ்கிரீம் பீப்பாயைச் சுற்ற வைப்பாள். கார் ஓடும் என்றால் நம்பாதவன்கூட ஐஸ்கிரீமை நம்புவான் என்பது அவள் கட்சி. ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, அவன் வாய் நிறைந்திருக்கிற நேரம் பார்த்து, விவசாயம் என்றால் என்ன, நீ ஓட்டுகிற காருக்குள் போவது யாருடைய வயல் என்று ஆரம்பித்துவிடுவாள். மக்காச்சோளம் பயிரிடுவோர் சங்கத்தில் பேர் போட்டவர்கள் நாற்பது பேர். வெயிலில் நிற்க வந்தவள் இவள் ஒருத்திதான்.

கண்காட்சிக்கு ஒரு விதி உண்டு. முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் நடக்க ஆரம்பிக்காத கடை தன் இடத்தை இழந்துவிடும். அடுத்த வருஷமும் கிடைக்காது. அந்த வாசல் இடத்துக்கு ஒரு செல்போன் கம்பெனி மூன்று வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தது. முந்தின நாள் கண்காட்சிக் குழுவிலிருந்து டெல்மர் போன் செய்து, வர முடியாவிட்டால் எல்லோரும் புரிந்துகொள்வோம் என்று கார்லாவிடம் சொன்னார். அதை அவள் அப்படியே அம்மாவிடம் ஒப்பித்ததுதான் தப்பாகிவிட்டது.

"புரிஞ்சுக்குவானாமா?" என்றாள் ஆர்லிஸ். "அவன் என்னைக்கு என்னத்தைப் புரிஞ்சுகிட்டான்."

"நான் ஒமாஹாவுலேர்ந்து கடை போடறதுக்கா வந்தேன்? உன்கூட இருக்க வந்தேன்."

"இருந்து என்ன பண்ணப்போற? என் மூச்சை எண்ணப்போறியா?" கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் காற்றைச் சேர்த்துக்கொண்டாள். "சாகறதுக்கு ஆள் வேணாம் கார்லா. அது தானா நடக்கும். கடைதான் தானா நடக்காது."

கார்லாவுக்குக் கோபம் வந்தது. முப்பத்தெட்டு வயதில், செத்துக்கொண்டிருக்கிற அம்மாவின் மேல் வரக்கூடாத கோபம். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்தே இதுதான் கதை. சோளக்கதிர் படம் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அம்மா முன்பின் தெரியாதவர்களை வழிமறித்துப் பேசுவாள். மகள் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒளிந்தது போதாதென்று ஒமாஹா நகரத்துக்கே போய் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டாள். போன வாரம், சோள எரிபொருள் ஒரு சொட்டும் தேவைப்படாத பேட்டரி காரில் வந்து இறங்கியபோது, "அதைக் கொட்டகைக்குப் பின்னால நிறுத்து, ஊர்ல யாராவது பாத்துடப்போறாங்க" என்பதுதான் படுக்கையிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

எமில் வாய் திறந்தால் அதிசயம். அன்று திறந்தார்.

"போ. நான் இருக்கேன்."

கார்லா குனிந்து அம்மாவின் நெற்றியில் உதட்டை வைத்தாள். அப்படியே ஒரு நிமிஷம் நிற்கலாம் என்று பார்த்தாள். ஆர்லிஸ் விடவில்லை.

"போடி. நேரமாச்சு."

டிரக்கின் பின்புறத்தைத் திறந்தபோதுதான், அப்பா முன்னதாகவே எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பது தெரிந்தது. சோள மூட்டைகள், எரிபொருள் நிரப்பிய சிவப்புக் கேன், ஐஸ் பைகள், கிரீமும் முட்டையும் சர்க்கரையும் கலந்து மூடிய வாளி, தார்ப்பாயின் கீழே எஞ்சின். அம்மாவும் மகளும் சண்டை போட்டு முடிக்கட்டும் என்று எழுபத்தெட்டு வயது மனிதர் காத்திருந்திருக்கிறார். சண்டையில் யார் ஜெயிப்பார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

கண்காட்சித் திடலில் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தொட்டியில் கொட்டினாள். முதுகு பிய்ந்துபோயிற்று. கொட்டி முடிப்பதற்குள் இரண்டு குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிவிட்டன.

பதினொன்றரைக்கு, அட்டையில் செருகிய தாளும் காதில் பேனாவுமாக டெல்மர் வந்தார். ஊரில் சின்ன எஞ்சின்களையெல்லாம் பழுது பார்க்கிறவர். 'எத்தனால் ஊற்றியவர்கள் முதலில் மன்னிப்புக் கேட்கவும்' என்று தன் பட்டறை வாசலில் பலகை மாட்டி வைத்திருப்பவர். ஆர்லிஸுக்கும் அவருக்கும் இருபது வருஷமாக எலியும் பூனையும்தான்.

"நான் காலியிடம்னு எழுதிட்டேனே," என்றார்.

"அழிச்சிருங்க."

"பேனாவுல எழுதிட்டேன்."

"அப்ப அடிச்சிட்டு எழுதுங்க."

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "ஆர்லிஸ் எப்படி இருக்கா?"

"உங்களைத் திட்டற அளவுக்கு இருக்கா."

"அப்ப பரவாயில்ல." உண்மையிலேயே நிம்மதி அடைந்த மாதிரிதான் தெரிந்தது. உடனே குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா விதி தெரியுமில்ல? சோளத்தைக் கொட்டி வச்சா அது கடை இல்ல, களம். எஞ்சின் ஓட்டிக் காட்டறேன்னுதான் உங்கம்மா எழுதிக் குடுத்திருக்கா. ஓடணும்."

கார்லா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுச் சும்மா இருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், இன்னும் பத்துத் தடவை இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. எலுமிச்சைச் சாற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதைத்தான் இருபது வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன்," என்றார் டெல்மர், வரிசைக்கும் கேட்கிற குரலில். "சோளச் சாராயம் எஞ்சினைத் தின்னுடும்."

என்ன நடந்திருக்கிறது என்று கார்லாவுக்குப் புரிந்துவிட்டது. போன ஜூலையில் கண்காட்சி முடிந்தது. ஆகஸ்டில் அம்மாவுக்கு நோய் என்று தெரிந்தது. அதற்கப்புறம் எஞ்சினை யார் நினைத்தார்கள்? பனிக்காலத்துக்கு முன்னால் மீதி எரிபொருளை வடித்துவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதிய வீட்டில் வடிக்க மறந்துபோனார்கள்.

"வெறும் பெட்ரோலை ஒரு வருஷம் விட்டு வச்சாலும் பிசினாத்தான் போகும்," என்றாள் அவளும் அதே குரலில். "எத்தனால் மேல பழி போடாதீங்க."

"பழியோ பாராட்டோ, இன்னும் இருபத்தோரு நிமிஷம் இருக்கு."

டிரக்கிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து மண்ணில் மண்டியிட்டாள். பதினாறு வயதில் அம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த வேலை. அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. டேங்கிலிருந்த பழையதை ஒரு டப்பாவில் வடித்தாள். தேன் நிறத்தில், கெட்ட வாடையோடு வந்தது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருந்த திருகில் ஸ்பேனரை வைத்தாள்.

"அது இல்ல," என்றார் டெல்மர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிட்டோமே என்று அவர் முகம் சிவந்து வேறு பக்கம் பார்த்தது.

"அடியில இருக்கறது," என்றார் எலுமிச்சைக் கடையைப் பார்த்தபடி. "கிண்ணத்துக்கு அடியில. பாத்து, வாஷர் விழுந்துடும்."

கிண்ணம் கழன்று வந்தது. உள்ளே பழுப்புப் பசை. எத்தனாலுக்கென்று ஆர்லிஸ் தானே துளையைப் பெரிதாக்கி வைத்திருந்த ஜெட் என்ற எரிபொருள் குழல் முழுசாக அடைத்துப்போயிருந்தது. குத்துவதற்கு ஊசி இல்லை. ஐஸ் பையின் வாயைக் கட்டியிருந்த காகிதம் சுற்றிய கம்பியைப் பல்லால் உரித்து, உள்ளிருந்த மெல்லிய கம்பியைத் துளையில் விட்டுக் குடைந்தாள். சுற்றிலும் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். டெல்மர் அவர்களுக்கு நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று. அவர் எந்தக் கட்சி என்று யாராலும் சொல்ல முடியாது.

கிண்ணத்தைத் திரும்ப மாட்டி, புது எரிபொருளை ஊற்றி, சோக்கை மூடி, எழுந்து நின்று இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் உறுமியது. பெல்ட்டை மாட்டியதும் பீப்பாய் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

டெல்மர் எழுதியதை அடித்துவிட்டு 11:57 என்று எழுதினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்துக்குங்க. இதுக்குத்தான், பனிக்காலத்துக்கு முன்னாடி வடிச்சிடுங்கன்னு சொல்றேன்."

"அதையேதான் எங்கம்மாவும் சொல்றா," என்றாள் கார்லா. "ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றதுக்கு இருபது வருஷம் சண்டை."

சிரித்தார்கள். அவருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளை விரட்டிவந்த அந்த வெட்கத்தைக் கார்லா தனக்குள் தேடிப் பார்த்தாள். காணவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. அப்பா.

"கடை தொறந்தாச்சா?"

"தொறந்தாச்சு."

"ஓடுதா?"

"சத்தம் கேக்கலியாப்பா?"

"கேக்குது," என்றார். அப்புறம், "அவ போயிட்டா கார்லா."

"எப்போ?"

"பத்து அம்பது இருக்கும்."

பத்து ஐம்பதுக்கு அவள் மூட்டைகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு, உங்களைத் திட்டுகிற அளவுக்கு இருக்கிறாள் என்று சொன்னாள்.

"ஏம்ப்பா கூப்பிடலை? ஒன்றரை மணி நேரமா..."

"பன்னெண்டு தாண்டற வரைக்கும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நேத்தே சத்தியம் வாங்கிட்டா. உனக்குத் தெரியாதா அவளை."

கார்லாவுக்கு அம்மாவை உலுக்கி எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்த மனிதரைத் தனியாக உட்காரவைத்துவிட்டாயே, என்னை இங்கே ஒரு எஞ்சினோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டாயே, உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்திருந்தது.

"இப்பவே வர்றேன்ப்பா."

"வா. வேணாங்கலை. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபத்தாறு வருஷமா இந்த வாரத்துல அவ வீட்ல இருந்ததில்ல. இன்னைக்குத்தான் இருக்கா. நர்ஸுக்கு நான் இன்னும் சொல்லலை, சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் கொஞ்ச நேரம் அவகூட இருந்துக்கறேன். நீ மெதுவா வா."

போனை வைத்துவிட்டு நின்றாள். டெல்மர் போகாமல் பக்கத்திலேயே நின்றிருந்தார். தொப்பி கைக்கு வந்திருந்தது.

"கெளம்பு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நடந்த கடைன்னு எழுதியாச்சு. இனி மூடினாலும் எடம் உங்களுதுதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் பாத்துக்கறேன்."

"எத்தனை மணிக்கு மூடுவாங்க மத்தவங்க?"

"எட்டு மணிக்கு. ஆனா நீ..."

"அப்ப நானும் எட்டு மணிக்குத்தான்."

அவர் தொப்பியைத் தலையில் வைக்காமலேயே அடுத்த கடைப் பக்கம் நடந்தார்.

தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் காலணி, கையில் எலுமிச்சைச் சாறு, டவுன்காரி. ஒரு பிடி சோளத்தை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதை வேகவச்சுத் திங்கலாமா?"

கார்லாவின் கை இரண்டும் முழங்கை வரைக்கும் எரிபொருளும் பசையுமாக இருந்தன. அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் எரியும். கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள்.

"பல்லு கெட்டியா இருந்தா திங்கலாம்," என்றாள். "இது திங்கற சோளம் இல்லீங்க. நெழலுக்கு வாங்க, சொல்றேன். ஐஸ்கிரீம் ஆகறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."