முதல் பந்து

என் கணவர் டங்கன் பட்டாளத்தை விட்டு வந்தது பிள்ளைக்காகத்தான். பார்னபியை எட்டு வயதில் விடுதியில் விட்டோம். சைப்ரஸ், கென்யா என்று நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில், ஷ்ரோப்ஷரின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளியில் அவன் பல் விழுந்து பல் முளைத்து வளர்ந்தான். இப்போது பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துவிட்டோம். வீட்டிலிருந்து வந்துபோகும் மற்றப் பையன்களைப் போல அவனும் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். அவன் அறைக்கு டங்கன் தன் கையாலேயே நீல பெயிண்ட் அடித்தார்.

தலைமையாசிரியர் ப்ளீடெல் மட்டும் ஒன்று சொன்னார். "பையனுக்குப் பத்து வயசாச்சு. விடுதியா வீடான்னு அவனே முடிவு பண்ணட்டும். அப்பாக்கள் மேட்ச் அன்னிக்கு டீ நேரத்துல வந்து சொல்லச் சொல்லுங்க."

கோடைப் பருவம் முடிகிற சனிக்கிழமை அப்பாக்களும் பிள்ளைகளும் எதிரெதிராகக் கிரிக்கெட் ஆடுவது அங்கே வழக்கம். டங்கனுக்கு அதுதான் முதல் தடவை. வாரம் முழுக்கக் கொல்லையில் குப்பைத்தொட்டியைக் குறிவைத்துப் பந்து வீசினார்.

"போதும், அந்தத் தொட்டி உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றேன். "எதிர்ல நிக்கப்போறது சின்னப் பசங்க."

"மெதுவாப் போட்டா அவனுக்குத்தான் அசிங்கம். பெரிய ஆளா மதிச்சுப் போடணும்."

இந்த மனிதருக்கு அன்பைக்கூட அணிவகுப்பு மாதிரித்தான் காட்டத் தெரியும்.

அந்த ஆட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பையனுக்கும் முதல் பந்தை உருட்டித்தான் விடுவார்கள். ஒரு ரன்னாவது எடுக்காமல் எவனும் வெளியேறக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வருஷா வருஷம் வருகிற அப்பாக்களுக்குத் தானாகவே தெரியும். முன்பு ஒரு தடவை நான் மட்டும் வந்திருந்தபோது, சாண்ட்விச் மேசைப் பக்கம் உட்கார்ந்து, இந்த அப்பாக்களுக்குப் பந்து வீசவே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அது சட்டமென்று எனக்கும் பிடிபடவில்லை.

பார்னபி மட்டையோடு வந்தான். கால்காப்பு தொடைவரை ஏறியிருந்தது. டங்கன் வெகுதூரம் பின்னால் போய் ஓடி வந்தார். ஸ்லிப்பில் நின்ற இன்னொரு அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நடு ஸ்டம்ப் பறந்துவிட்டது.

ஒருவரும் கைதட்டவில்லை. நடுவராக நின்ற ப்ளீடெல் சட்டென்று கையை நீட்டி, "நோ பால்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைக்காகப் பொய் சொன்னார்.

"இல்ல சார், சரியான பந்துதான்" என்றான் பார்னபி. அப்பாவைக் கடக்கும்போது நின்றான்.

"நல்ல பந்து, சார்."

மற்றப் பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. டீ நேரத்தில் அவன் ப்ளீடெலிடம் போய், விடுதியிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டான். நான் அவனைத் தனியே இழுத்துப் போனேன்.

"அவுட் ஆனதுக்காகவாடா?"

"இல்லம்மா. அவுட்னா அவுட்தான்." கையிலிருந்த கேக்கின் ஓரத்தைப் பிய்த்தான். "முதல் பந்து பத்தி எல்லா அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு. என் கிளாஸ் பெர்சியோட அப்பாவுக்குக்கூட. அவர் ஒரு மண்ணுக்கும் லாயக்கில்ல. நம்ம அப்பாவுக்கு மட்டும் இங்க ஒண்ணுமே தெரியல. தினமும் வீட்டுக்கு வந்து அவர்கூட என்னம்மா பேசறது?"

எனக்கு அழுகை வந்தது. எட்டு வயதில் விட்டுப் போனது நாங்கள். அவனைக் கோபிக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த கோடையில் டங்கன் சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் போனார். பார்னபிக்கு முதல் பந்தைப் புல்லோடு புல்லாக உருட்டிவிட்டார். அவன் அதை எல்லைக்கோட்டுக்கு அடித்தான். நான் கை வலிக்கத் தட்டினேன். டங்கன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபடி, ஏதாவது சொல்வானென்று அங்கேயே நின்றார்.

பார்னபி மட்டையை ஊன்றிக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தான்.

"ரொம்ப நன்றி, சார்."