பரணிக்குள் மல்லாந்த சிலந்தி

வாலண்டைன் சிரித்துக்கொண்டே படியேறி வந்தபோதே சத்யபாமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தொண்ணூற்றைந்தில் கப்பல் வேலையை விட்டுவந்து, வெள்ளறடையில் பக்கத்து இடத்தை வாங்கிய ஆள். வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்து ஒரு வருஷமாகிறது. இன்றைக்கு என்னத்துக்கு மிட்டாய் போடும் கண்ணாடிப் பரணியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்?

பரணிக்குள் மண். மண்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த சிலந்தி. என் பகவதியே!

“அண்ணன் கால் ஒடிஞ்சு சும்மா கெடக்குதாருண்ணு கேட்டேன். எனக்க வீட்டுல இது கொறே உண்டு, அலமாரி நெறைய. புதுசா வளக்கியவங்களுக்கு இந்த சாதிதான் லேசு, பாவமாக்கும். வாரத்துக்கொரு கரப்பான் போட்டா போரும்.”

ஜீப்பிலிருந்து விழுந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத அவள் கணவன் சதாசிவன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

வாலண்டைன் நீட்டி முழக்கிப் பாடம் நடத்தினான். அவள் ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா கொடுப்பானா ஒருத்தன்? கூடோத்திரம்தான், செய்வினையேதான். மண்ணுக்குள் தகடு புதைத்து, நம் கையாலேயே தீனி போட வைக்கிறான் பாவி.

கணவன் உறங்கும்போது துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கிலை விட்டு மண்ணைக் கிளறினாள். தகடு இல்லை. சந்தேகம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. தகடு இல்லாமலே செய்கிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான்!

“கேட்டியளா, ஒருநாள் வெந்நீ ஊத்தி இதைக் கொல்லுவேன், பாத்துக்கிடுங்க.”

“நீ கொன்னேன்னா பின்னே எனக்கிட்ட மிண்டாதே, ஒரு பேச்சும் வேண்டாம்,” என்றான் சதாசிவன்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தப் பூச்சி வந்த பிறகே வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. சிலந்தி இரையைக் கவ்வினால் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். கொஞ்ச நாளில் அவளே அடுக்களையில் கரப்பான் பிடித்துக் கொடுக்கலானாள். பிறகு சிலந்தி தின்பதை நிறுத்தியது. “பாத்தியளா, என்னவோ வரப்போவுது,” என்று பழையபடி முணுமுணுத்தாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் வாலண்டைனே ஆட்டோ பிடித்து சதாசிவனைக் கூட்டிப்போனான். இவனுக்கென்ன இவ்வளவு அக்கறை என்று நினைத்தபடி அவள் கரப்பானோடு பரணியைத் திறந்தாள். சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

ஐயோ, செத்துப்போச்சா! கண் கலங்கியது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. அந்த மனுஷன் சொந்தக் காலில் நடந்து வந்து இதையா பார்க்கவேண்டும்? ஈர்க்கிலால் மெல்லத் தொட்டாள். ஒரு கால் அசைந்தது. உயிர் இருக்கிறது!

“எழும்பு மக்கா, எழும்பு,” என்று கெஞ்சியபடி புரட்டிவிட்டாள். அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். காலோரம் தண்ணீர்போல ஏதோ கசிந்தது. அதற்குப் பிறகு அது அசையவில்லை. ஈர்க்கில் கையில் இருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது.

வாலண்டைன் குனிந்து பார்த்தான். “தோலு உரிக்கதுக்காக்கும் சேச்சி மலந்து கெடந்தது. அப்பம் மேலு இளசா இருக்கும், தொடப்பிடாதுண்ணு அண்ணைக்கே சொன்னேனே.” அவன் பார்வை ஈர்க்கிலில் நின்றது. “பிடிக்கல்லேண்ணா திருப்பித் தந்திருக்கலாமே.”

அவள் கணவனிடம் திரும்பினாள். “கேட்டியளா, காப்பாத்தத்தான் தொட்டேன். சத்தியமா நான் கொல்லல்லே.”

வாலண்டைனை அவள் இத்தனை நாளும் பார்த்த அதே பார்வையைச் சதாசிவன் அவள்மேல் வைத்தான். பிறகு பரணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விந்தி விந்தி, ஒரு வார்த்தை மிண்டாமல் உள்ளே போனான்.