பலகை நின்ற இடம்

தோட்டக்காரி மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் துழாவினாள். பூங்காவின் மரநிழல் பாத்தியில் நாளை குழாய் பதிக்கப்போகிறார்கள். அதற்குள் டீச்சர் தன் கணவர் நட்ட செடியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். எந்தப் பருவத்திலும் பச்சை மாறாத காட்டுச்செடி. தரையோடு தரையாக வெள்ளைப் பூ பூக்கும். அவர் இறந்தபிறகு, அவர் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் டீச்சர் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து, செடியிடம் மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் குறை சொல்லிவிட்டுப் போவார்.

பலகைக்கு அடியில் வேரே இல்லை. கறுத்த தண்டுத் துணுக்கு ஒன்று விரல் பட்டதும் உதிர்ந்தது. மேலே கவிந்திருந்த இலைகளின் தண்டைத் தொடர்ந்து போனாள். அது மண்ணுக்குள் கிளைபிரிந்து எங்கெங்கோ ஓடியது. செடி பின்னால் மக்கிக்கொண்டே முன்னால் நகர்ந்திருக்கிறது. அவளோ இத்தனை வருடமும் பலகையைச் சுற்றியே தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

பாத்தி ஓரமாக உட்கார்ந்திருந்த டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, புதையலா தோண்டற? சீக்கிரம் எடு."

"டீச்சர்... அது இங்க இல்ல."

"இல்லையா? போன வாரம்கூட பேசிட்டுப் போனேனே!"

"அவரு நட்டது மக்கிப்போச்சு. அதுலேர்ந்து வந்ததுதான் பாத்தி பூரா ஓடியிருக்கு."

"அப்போ எதுதான் அவரு வெச்சது?"

"எல்லாமே. இன்னொரு வகையில பாத்தா... எதுவுமே இல்ல."

"பரீட்சையில இப்படி எழுதினா முட்டைதான் போடுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஏதோ ஒரு கொத்தைக் காட்டினால் டீச்சர் நம்பிவிடுவார். ஆனால் அது பொய்யாகுமா ஆகாதா என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. எந்த இலையோடு அவருடைய செடி முடிந்தது?

"சத்தியமா எனக்குத் தெரியல, டீச்சர்."

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாத்தியின் விளிம்புவரை நடந்தார். அங்கே நடைபாதைக் கற்களின் இடுக்கில் ஒரு இளந்தளிர் தலைநீட்டியிருந்தது.

"இது எங்க கிளம்பிடுச்சு?"

"வெளிய."

"அவருக்கும் வீடு தங்காத காலு. இதையே குடு."

தோட்டக்காரி தண்டை வெட்டித் தளிரைத் தொட்டியில் வைத்தாள். தொட்டியை வாங்கிக்கொண்ட டீச்சரின் முகத்தில் இருந்தது நிம்மதியா, துக்கமா, தெரியவில்லை. தண்டின் மறுமுனை மண்ணில் ஈரமாக மினுங்கியது. எதிலிருந்து எதை வெட்டினோம் என்று விளங்காமல், அவள் கத்தியோடு அங்கேயே குந்தியிருந்தாள்.