வியாகுலத்தின் முதல் வாசகம்

சரியாக நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் பலகையில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வியாகுலமும் போய் நின்றாள். தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு பக்கத்தில் நின்ற பனியம்மாவைத் தோளால் இடித்தாள்.

"ஏட்டி, என்ன எழுதியிருக்குன்னு வாசி. நான் கண்ணாடி எடுக்கல்ல."

"எனக்கு ரெண்டு நாளா கண்ணெரிச்சல். நீ யாருட்டயாவது கேளு," என்றாள் பனியம்மா.

இருவரும் குளச்சல் துறைமுகத்தில் ஒன்றாக மீன் ஏலம் எடுத்து, ஒரே டெம்போவில் ஏறி, கருங்கல் சந்தையில் அடுத்தடுத்து உட்கார்ந்து விற்பவர்கள். பதினெட்டு வருஷப் பழக்கம். ஏதாவது தாள் கைக்கு வந்தால் ஒருத்தி கண்ணாடியைச் சொல்வாள், மற்றவள் கண்ணெரிச்சலைச் சொல்வாள். பனியம்மாவுக்கு வாசிக்கத் தெரியும் என்றுதான் வியாகுலம் நினைத்திருந்தாள்.

வழிபாட்டுக் குழுவில் இருக்கும் சகாயம் தாளை உரக்கப் படித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அந்தோணியார் அன்பியத்தின் முறை. புதிதாக வந்த ஃபாதரின் ஏற்பாட்டின்படி, இனிமேல் காலேஜ் பிள்ளைகளை மேடையில் ஏற்றிவிட்டு ஒதுங்கக் கூடாது. அன்பியத் தலைவர்களே பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க வேண்டும்.

அன்பியம் என்றால் முப்பது வீடு சேர்ந்த ஜெபக் கூட்டம். அந்தோணியார் அன்பியத்துக்கு நான்கு வருஷமாகத் தலைவி வியாகுலம்.

"அக்காக்க குரலுக்கு மைக்கே வேண்டாம்," என்றார் சகாயம். எல்லாரும் சிரித்தார்கள். வியாகுலமும் சிரித்தாள்.

மன்றாட்டு மாலை ஜெபம் அவளுக்கு முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம். ஒரு தடவை காதில் விழுந்த பாட்டு மறக்காது. அப்படிப்பட்டவளுக்கு எழுத்துத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? ஏழு வயதில், அம்மா மீன் விற்கப் போனபோது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றாள். பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. கூட்டத்தில் பைபிள் கைக்கு வரும்போதெல்லாம் கண்ணாடியை மறந்துவிடுவாள். அது திருவிழாக் கடையில் வாங்கிய கண்ணாடி. பையிலேயேதான் கிடக்கும்.

மறுநாள் சந்தை முடிந்த கையோடு லிஜாவின் வீட்டுக்குப் போனாள். தலையிலிருந்த மீன் சருவத்தை வாசலில் இறக்கி வைத்தாள்.

லிஜா வேதியியல் படித்தவள். வயது இருபத்திமூன்று. பெரியவர்கள் பேச்சுக் கொடுத்தால் பார்வை தரைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், எழுத்துக் கூட்டத் தெரியாத குட்டிப் பிள்ளைகள் இவள் பொறுப்பு. அட்டையைக் காட்டிச் சத்தம் போட வைத்து மூன்றே மாதத்தில் ஜெபப் புத்தகத்தை வாசிக்க வைத்துவிடுவாள் என்று பெயர்.

"மக்கா, பிள்ளைகளுக்கு அட்டை காட்டுவியே. அத எனக்கும் காட்டு."

"எதுக்கு அக்கா?"

"கண்ணு கொஞ்சம் மங்கல். பெரிய எழுத்தாப் பாத்தா தெளியுமான்னு பாக்கேன்."

லிஜா தலையை ஆட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அட்டைப் பெட்டியை எடுத்து வந்து பாயை விரித்தாள். கேட்காமல் விட்டதற்காகவே வியாகுலத்துக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

"எழுத்துக்குப் பேரு வேண்டாம் அக்கா. அது போடுத சத்தம் மட்டும் போதும். இது வாயத் தொறந்தா வரும். ஆ."

"ஆ."

"இது உதட்ட மூடினா வரும். ம்."

"ம்."

"இது நாக்கு மேல தொடும். ன்."

முதல் நாளே ஒரு சொல் கிடைத்தது. ஆமென். நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொன்ன சொல். அது இவ்வளவு சின்னதாக, மூன்று எழுத்தாக, அட்டையில் உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கொம்பு எதுக்கு முன்ன நிக்குது? சத்தம் பின்னதானே வருது?"

"அது அப்பிடித்தான் அக்கா. முன்ன நிக்கும், பின்ன பேசும்."

"நம்ம ஏலக்காரன் மாதிரி," என்றாள் வியாகுலம். லிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தினமும் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம். இயேசு, மரியா, அப்பம், மீன், படகு. ஒன்பதாம் நாள் லிஜா அந்தத் திருவருகை ஞாயிற்றுக்கான வாசகத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வந்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மூன்றாம் தடவை வியாகுலம் தாளை வாங்கிக் கணீரென்று முழுவதும் சொல்லி முடித்தாள்.

லிஜா தரையைப் பார்த்தாள்.

"அக்கா, தாளு தலைகீழா இருக்கு."

வியாகுலத்தின் முகம் கறுத்தது. "இப்ப என்ன? ஒரு எழுத்து விட்டேனா? கோயில்ல எவன் தாளப் பாக்கப் போறான்?"

"யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள் லிஜா மெல்ல. "நீங்க இஞ்ச வந்தது அதுக்குத்தானா அக்கா?"

சருவத்தைத் தூக்கிக்கொண்டு வியாகுலம் போய்விட்டாள். மறுநாள் மூன்று மணிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து லிஜா எதையும் வாசித்துக் காட்டவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அதோடு புது அட்டைகள் வந்தன. பொகடி. நெமாசு. தாழெவு.

"இது எந்த ஊரு மீனு?"

"இல்லாத மீனு அக்கா."

"இல்லாத மீனுக்கு எதுக்குப் பேரு?"

"தெரிஞ்ச சொல்லுன்னா உங்களுக்குப் பாதியிலயே மீதி வந்திரும். கண்ணு வேல செய்யாது. இது காதுல விழாத சொல்லு. கண்ண நம்பித்தான் ஆவணும்."

வியாகுலம் அவளை வைதுகொண்டே படித்தாள். நெ, மா, சு. டெம்போவில் சாய்ந்துகொண்டு, இல்லாத மீன்களை வாய்க்குள் முணுமுணுப்பாள். "ஜெபமா?" என்று பனியம்மா கேட்பாள். "ஆமா," என்பாள்.

முப்பதாவது நாள், சந்தை முனையில் சத்தியநேசன் கடையில் டீக் குடித்துக்கொண்டிருந்தவள் சும்மா மேலே பார்த்தாள். பலகையிலிருந்து எழுத்துகள் தாமாக இறங்கி வந்தன. பெ. த். ல. கே. ம்.

"ஒமக்க கடைக்கு பெத்லகேம்னா பேரு?"

சத்தியநேசன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "பதினோரு வருஷமா இதே கடையில குடிக்குத. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

"கண்ணாடி போடாம வந்தேன்," என்றாள். கண்ணாடி போடாமல்தான் வாசித்தோம் என்பது பத்து அடி நடந்த பிறகுதான் உறைத்தது. நடுரோட்டில் நின்று சிரித்தாள். பிறகு கருங்கல் கடைத்தெரு முழுவதும் மெல்ல நடந்தாள். நகைக் கடை, மருந்துக் கடை, செல்போன் கடை என்று ஒவ்வொரு பலகையாக நின்று வாசித்தாள். டெம்போக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான்.

நாற்பத்திரண்டாம் நாள் விடிந்தது. முதல் மணி அடிக்கும் முன்பே கோயிலுக்குப் போய் வாசக மேடையில் ஏறினாள். புத்தகம் அன்றைய பக்கத்தில் விரிந்திருந்தது. முதல் வரியில் விரலை வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள். லிஜா எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது இது அல்ல.

லிஜா ஓடி வந்து பார்த்தாள்.

"அக்கா, எனக்க தப்பு. கோயில் வருஷம் ஜனவரியில பொறக்காது. இன்னைக்குத்தான் பொறக்குது. வாசகம் வருஷா வருஷம் மாறும், மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு இத நானே சொல்லிக் குடுத்திருக்கேன். போன வருஷத்துப் பக்கத்தப் பாத்து எழுதிட்டேன்."

கோயில் நிறைந்துகொண்டிருந்தது. எண்ணூறு பேர் வருவார்கள். பூசைக்குக் கால் மணி நேரம்.

"உங்களுக்குத் தொண்ட கட்டிட்டுன்னு சொல்லிருவோம். நான் வாசிக்கேன்," என்றாள் லிஜா. நாலு பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதவள்.

அப்போது சகாயம் வந்தார். "என்னக்கா, கண்ணாடி மறந்தாச்சா? வேற ஆள விடவா?"

வாய்க்குள் பதில் தயாராக இருந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில். தலையை ஆட்டினால் போதும். வியாகுலம் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"இருக்கு தம்பி. நானே வாசிக்கேன்."

அவர் போனதும் லிஜா கேட்டாள். "ஒரு தடவ வாசிச்சுக் காட்டவா அக்கா?"

"வேண்டாம். காதுல விழுந்தா கண்ணு வேல செய்யாதுன்னு நீதானே சொன்ன."

இரண்டாம் மணி அடித்தது. தொடக்கப் பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோது வியாகுலம் மேடையில் நின்றாள். விரல் முதல் எழுத்தின் அடியில் இருந்தது.

மெல்ல வாசித்தாள். ஆண்டவர் என்று வந்த இடங்களில் சொல் ஓடியது. மலை வந்தது. வழி வந்தது. பிறகு போர்வாள்களை உருக்கி உழுகிற கருவியாக்கும் வரி வந்தது. கலப்பை தெரிந்த சொல். அடுத்தது தெரியாதது. கொம்பு முன்னால் நின்றது, காலும் இருந்தது, நடுவில் க, அடுத்து ழு. கொழு. சொல்லிவிட்டாள். அப்படி ஒரு சாமான் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. இல்லாத மீனாகவே இருக்கட்டும் என்று தாண்டினாள்.

அடுத்து ஒரு நீளச் சொல் வந்தது. விரல் நின்றது. குரலும் நின்றது.

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் சகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூண் ஓரத்தில் லிஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"க," என்றாள் வியாகுலம். மைக் அதை வாங்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தது. தெருவரை கேட்டது. "ரு. க். க. ரி. வா." மூச்சு விட்டாள். "கருக்கரிவாள்."

வாழ்நாள் முழுக்க மீன் அறுத்த கை. அரிவாள் எழுத்தில் இப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தது. அதன்பிறகு அவள் தடுமாறவில்லை. கடைசி வரி துறைமுகம்வரை கேட்டிருக்கும். சபை இறைவனுக்கு நன்றி சொன்ன சத்தத்தில் புறாக்கள் எழும்பின. லிஜா கண்ணைத் திறந்தாள்.

பூசையின் முடிவில் அறிவிப்பு நேரம். சகாயம் மைக்கைப் பிடித்தார். அன்பியத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, "அக்கா இனி கண்ணாடிக்குப் பவரக் கூட்டணும்," என்றார். கோயில் சிரித்தது. பிறகு வழக்கப்படி, ஒரு வார்த்தை பேசத் தலைவியை அழைத்தார்.

வியாகுலம் மறுபடியும் மேடையேறினாள். நன்றி என்று சொல்லி இறங்கினால் முடிந்தது. இனி இந்த ஊரில் அவளை யாரும் சந்தேகப்பட முடியாது. கண்டம் தாண்டியாயிற்று.

எதிரில் மூன்றாவது வரிசையில் பனியம்மா பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள். அட்டையிலிருந்த சிலுவை தலைகீழாக இருந்தது.

வியாகுலம் அதைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத் தாள்களும் பனியம்மாவின் கண்ணெரிச்சலும் நினைவுக்கு வந்தன. கண்ணாடியைக் கழற்றி மடக்கி, புத்தகத்தின் மேல் வைத்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல," என்றாள். "நாப்பத்திரண்டு நாளைக்கு முன்ன எனக்கு ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது."