பதினோரு கட்டைவிரல்கள்

வட்டமாக உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒருவர் கேள்வியைச் சொல்வார். சம்மதம் என்றால் கட்டைவிரல் மேலே, இல்லையென்றால் கீழே. எண்ணுகிறவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்து, தன் விரலையும் சேர்த்து எண்ணுவார். அந்த வேலையும் வாரத்துக்கு ஒருவர் என்று மாறும். அடுத்தவர் கையைப் பார்த்துத் தன் கையை நீட்டக்கூடாது, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் தலைவர் இல்லை.

கல்லூரி மாணவர் மன்றத்துக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் ஜோமாரி. தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தவன், பதவியேற்ற அன்றைக்கே தலைவர் பதவியே வேண்டாம், பதினோரு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். முந்தைய வருடத் தலைவன் நிர்வாகத்தோடு ஒரு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, விடுதிக் கட்டணத்தை உயர்த்தத் தனியாளாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தான். அந்தக் கடுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள்.

பதினோரு பேரில் ஒருத்தியான டிவினாவும் தட்டினாள். ஆனால் அவளுக்கு அது பிடிபடவே இல்லை. நெக்ரோஸ் தீவின் கரும்புப் பண்ணையில் வெட்டுகிற கூட்டத்தோடு வளர்ந்தவள் அவள். அங்கே கங்காணி விசில் ஊதினால் அப்பா கத்தியை எடுப்பார், மறுபடி ஊதினால் கீழே வைப்பார். திட்டுகிறவன் யார், திட்டு வாங்குகிறவன் யார் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. இங்கே இத்தனை மாதமாக யாரும் யாரையும் திட்டவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் பதினோரு விரலும் ஒரே பக்கம் நின்றன. அங்கே கரும்பை லாரியில் ஏற்றும்போது உன் தோளில் கட்டு லேசாக இருந்தால் கூட வருகிறவன் தோளில் அது கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். இங்கே கூட வருகிறவன் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எண்ணும் முறை அவளுக்கு வந்த வாரம்தான் அது தெரிந்தது. நூலகத்தை ராத்திரியும் திறந்து வைக்கக் கேட்டு வியாழக்கிழமைதோறும் கறுப்புச் சட்டை போடுகிறோமே, அதைத் தொடரலாமா என்பது கேள்வி. கண்கள் மூடின. முழுதாக மூடவில்லை. இமைக்கு அடியில் ஒரு கோடு விட்டு, அத்தனை பேரும் ஜோமாரியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் விரல் மேலே போனது. கொஞ்சம் தாமதித்து மற்றதெல்லாம் மேலே போயின.

மறுநாள் பாட்சோய் சூப்புக் கடையில் அவனைப் பிடித்தாள்.

"எல்லாரும் உன்னத்தான் பாக்குறாங்க. மூடுறாப்புல மூடிக்கிட்டு ஓரக்கண்ணால."

ஜோமாரி சூப்பை உறிஞ்சுவதை நிறுத்தினான். "என்னையா? நான் எண்ணுனப்ப எல்லாரும் உன்னையில்ல பாத்தாங்க."

"புளுகாத."

"சத்தியமா. நானே உன்னப் பாத்துத்தான் போடுவேன்."

"என்னை எதுக்குடா பாக்குற?"

"உழைக்கிறவங்க வீட்டுப் பொண்ணு. எது நியாயம்னு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் மாரிசெல்லப் பாத்துப் போடுறவ. அவதான நல்லாப் படிக்கிறா."

அடுத்த பெஞ்சில் நூடுல்ஸை அள்ளிக்கொண்டிருந்த மாரிசெல் தலையைத் தூக்காமலே சொன்னாள். "நான் ஜோமாரியப் பாப்பேன்."



"அப்ப அந்தக் கறுப்புச் சட்டை யாரோட யோசனை?" என்றாள் டிவினா.

"ஏன், உனக்குப் புடிக்கலியா?" என்றான் ஜோமாரி.

"இந்த வெயில்ல கறுப்புச் சட்டை போட்டா எவளுக்குப் புடிக்கும்? முதுகெல்லாம் வேக்காடு."

"எனக்கும்தான் புடிக்கல."

"எங்கிட்ட கறுப்புச் சட்டையே கெடையாது, எங்க அண்ணனோடத இரவல் வாங்கிப் போடுறேன்" என்றாள் மாரிசெல்.

ஜோமாரி சிரித்தான். டிவினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றை யாரும் சொல்லாமலே எல்லோரும் மாதக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். கங்காணி இருந்தால் அவன் தலையில் பழியைப் போடலாம். இங்கே பழியைப் போட ஒரு தலை கூட இல்லை.

அடுத்த வாரம் புயல் வந்தது. விடுதியின் கூரைத் தகட்டில் பாதியை உருவிக்கொண்டு போய்ப் பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் போட்டது. மாணவர் நலன் பார்க்கும் தோர்ரெஸ் மேடம் மன்றத்தை வரச்சொன்னார். பதினோரு பேரும் போனார்கள். அறையில் இரண்டு நாற்காலி.

"தலைவர் யாரு, உக்காருங்க."

"எல்லாரும்தான் மேடம்" என்றான் ஜோமாரி.

"எல்லாருக்கும் நாற்காலிக்கு எங்க போவேன்?"

யாரும் உட்காரவில்லை. மேடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு பக்கத்துக் கூரையைத்தான் இப்போதைக்குச் சரிசெய்ய முடியும். அதில் பெண்கள் இருக்கட்டும், பையன்கள் நாளைக்கே வெளியேறி வேறு இடம் பார்க்க வேண்டும். அது அநியாயம் என்று மன்றம் நினைத்தால் சரி, முழு வேலையும் முடிகிறவரை இரண்டு பக்கத்தையும் மூடிவிடலாம்.

"நீங்கதான் சமத்துவம் கேக்குறவங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. ஒரு பதில், பதினொண்ணு இல்ல."

மூடினால் தனக்கு என்ன ஆகும் என்று டிவினாவுக்குத் தெரியும். கரும்பாலை ஓடாத செத்த பருவம் இது. அப்பாவுக்கு வேலையில்லை, வீட்டில் ஒருவேளைதான் அடுப்பு எரிகிறது. வெளியே அறை எடுக்க வழியில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் மறுபடி திரும்பி வரமாட்டாள். பண்ணையில் அப்படிப் போய்த் திரும்பாத பெண்களை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று மதியம் வட்டம் கூடியது. எண்ணுகிற முறை ஜோமாரிக்கு. டிவினாவுக்கு எதிரே ருவெல் உட்கார்ந்திருந்தான். மலைப்பக்கத்துப் பையன், இரண்டாம் வருடம். பதினோரு பேரில் விடுதியின் ஆண்கள் பக்கத்தில் படுக்கிறவன் அவன் ஒருவன்தான்.

"மேடம் சொன்னாப்புல பொண்ணுங்க மட்டும் இருக்கறதுக்கு ஒத்துக்கலாமா? கண்ண மூடுங்க" என்றான் ஜோமாரி.

டிவினா மூடினாள். வழக்கம்போல ஒரு கோடு விட்டு மாரிசெல்லின் கையைப் பார்த்தாள். மூடிய முஷ்டி அசையவில்லை. பார்வையை நகர்த்தினாள். எந்த முஷ்டியும் அசையவில்லை. பத்துக் கை காற்றில் நீட்டியபடி நின்றன, இமைகளுக்குக் கீழிருந்த கோடுகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியிருந்தன. ருவெலும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தன் விரல் மேலே போனால் அவன் விரலும் மேலே போகும். சிரித்துக்கொண்டே தன் படுக்கையைத் தானே காலி செய்வான். கீழே போனால் அவள் பஸ் ஏற வேண்டும். இந்த விரலுக்கு இத்தனை கனம் எப்போது வந்தது? அவள் கேட்கவில்லையே. கையில் விசில்கூட இல்லாமல் தன்னைக் கங்காணியாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியதும் எரிச்சலில் கண்ணைத் திறந்தாள்.

"போதும். எல்லாரும் திரும்பி உக்காருங்க. வட்டத்துக்கு முதுகக் காட்டி."

"இது விதியில இல்லியே" என்றான் ஜோமாரி.

"விதியில இருக்குறத யாரு செய்றா இங்க? ஓரக்கண்ணு போட்டே எல்லாருக்கும் கண்ணு மாறுகண்ணா போயிடுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்காலிக் கால்கள் தரையைக் கீறின. எண்ணுவதற்கு ஜோமாரி மட்டும் நடுவில் நின்றான். டிவினாவுக்கு முன்னால் உரிந்துபோன சுவர் மட்டும் இருந்தது. பார்த்துப் போட ஒரு கை இல்லை. அப்போதுதான் தெரிந்தது, தனக்கு எது சரி என்று அவள் இதுவரை ஒருதரமும் தன்னைக் கேட்டதில்லை. படுக்கை வேண்டும். அது சரியா என்று தெரியவில்லை, ஆனால் வேண்டும். விரல் மேலே போனது, பாதியில் சாய்ந்தது, மறுபடி மேலே போனது.

"ஏழு மேல. நாலு கீழ" என்றான் ஜோமாரி. அவன் குரல் அவனுடையது போலவே இல்லை.

எல்லோரும் திரும்பினார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் துழாவினார்கள்.

"ஏழுதான ஜாஸ்தி, அப்ப முடிஞ்சுது" என்றாள் ஒருத்தி.

"ஒருத்தர் வேண்டாம்னாலும் பேசித் தீக்கணும். அதான் நம்ம விதி" என்றான் ஜோமாரி.

"இதுவரைக்கும் ஒருத்தரும் வேண்டாம்னதில்ல. எப்படிப் பேசுறதுன்னு யாருக்குத் தெரியும்?"

அது உண்மை. கடைசியில் டிவினாதான் வாயைத் திறந்தாள்.

"என்னோடது மேல. மூடுனா நான் படிப்ப விட்டுட்டுப் போவணும். நியாயம்னு சொல்ல வரல. எனக்குப் படுக்கை வேணும்."

"என்னோடது கீழ" என்றாள் மாரிசெல். "எனக்கு அத்த வீடு இருக்கு. வீடு இருக்கறவளுக்கு நியாயம் பேசுறது சுலபம்தான், தெரியும். ஆனா பசங்கள மழையில வெரட்டிட்டு நாம மட்டும் உள்ள படுக்குறதா?"

"அப்ப நான் புடுங்கிப்போட்ட நாத்துக்கட்டு மாதிரி ஊருக்குப் போவட்டுமா?"

"அப்படியா சொன்னேன்? உன் வாயில வர்றத என் வாயில போடாத."

அவ்வளவுதான். மளமளவென்று எல்லோரும் பேசினார்கள். ஒருவன் மேடத்தைத் திட்டினான், ஒருத்தி ஜோமாரியைத் திட்டினாள், தலைவன் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்றாள். இது வட்டம் உடைகிற சத்தமா, இப்போதுதான் வட்டம் ஆகிற சத்தமா என்று டிவினாவுக்கு விளங்கவில்லை.

"என் தலைய உருட்டுறீங்க, என்னை ஒரு வார்த்த கேக்கல" என்றான் ருவெல்.

அவன் எழுந்து நின்றான்.

"எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் போதும். இன்னும் பதிமூணு பசங்க இருக்காங்க. அவங்களுக்கு எங்க எடம்? அதப் பேசுங்க."

பேசினார்கள். ஊருக்குள் வீடு இருக்கிறவர்கள் யார், கூடம் இருக்கிறது யாருக்கு, யாருடைய அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார் என்பதெல்லாம் வெளியே வந்தது. "எங்க அத்தயக் கேக்கணும். அந்த வீட்டுல மட்டும் தலைவர் உண்டு, அது அவங்கதான்" என்றாள் மாரிசெல். தொண்டை கட்டிப்போகும்வரை பேசி, பையன்களுக்கு இடம் கிடைக்கிறவரை ஒருவரையும் வெளியே அனுப்பக்கூடாது, கிடைத்தபின் ஒத்துக்கொள்வது என்று முடித்தார்கள். மறுபடி விரல் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மேடத்திடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றார்.

மற்றப் பையன்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ருவெல் அரிசிச் சாக்கில் துணியைத் திணித்துக்கொண்டு மாரிசெல்லின் அத்தை வீட்டுக்குக் கிளம்பினான். டிவினா பாயைத் தூக்கிக்கொண்டு ஜீப்னி வண்டி நிற்கிற இடம்வரை கூட வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நீ மேலயா, கீழயா?"

"அது தெரியக்கூடாதுன்னுதான திரும்பி உக்காரச் சொன்ன?"

"எங்கிட்ட மட்டும் சொல்லு."

"உன்கிட்ட மட்டும்னா அது எப்படிக்கா சரியா வரும்?" என்று சிரித்துக்கொண்டே பாயை வாங்கி ஜீப்னியின் கூரைமேல் எறிந்துவிட்டு ஏறினான்.

அவன் மேலே என்று சொல்லியிருந்தால் நெஞ்சு ஆறியிருக்குமா, கீழே என்று சொல்லியிருந்தால் ஆறியிருக்குமா என்று யோசித்தபடியே விடுதிக்கு வந்தாள். புதுத் தகட்டின் அடியில் அவள் படுக்கை காய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். இது தனக்குக் கொடுத்ததா, தான் எடுத்துக்கொண்டதா என்று புரியாமல் இருட்டும்வரை காலை மேலே தூக்கிப்போடாமலே உட்கார்ந்திருந்தாள்.