உப்பை நிறுத்தியவள்

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. உள்ளே என் தம்பியின் முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும் எழுத்தாளனுக்குக் காது நீளம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அங்கே வேலை பார்க்கும் நர்ஸ். மற்றவள் அவளுடைய ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. உள்ளே படுத்திருந்தவர் அந்த அண்ணன்.

"உப்பு ஏத்தினதும்தானே மனுஷன் கண்ணைத் தொறந்தாரு? அப்புறம் ஏண்டி நிறுத்தின?"

ஓரகத்தியின் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை. நர்ஸிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். எழுதியதை அவளே படித்தும் பார்த்தாள். (கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தது என் தப்பு.)

2

முதல் தொடக்கம்: "அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கடல் தொங்கிக்கொண்டு—"

அடித்துவிட்டேன். கடலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. பையில் இருந்தது அடர் உப்புநீர். எல்லோருக்கும் ஏற்றும் சலைனைவிட மூன்று மடங்குக்கும் மேல் உப்பு. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே படுத்திருந்தவருக்கு வீட்டில் பட்டப்பெயர் 'குடம்'. தண்ணீர் குடித்தால் எல்லா நோயும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நாள் முழுக்கக் குடித்தார். ரத்தக் கொதிப்பு மாத்திரை வேறு உடம்பின் உப்பைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் உப்பு குறைந்து, மூளை நீர்கோத்து, ஒரு காலையில் தன் லேத் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தார்.

டாக்டர் அடர் உப்புநீர் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். மெல்லிய நரம்பில் போனால் நரம்பே வெந்துபோகும் என்பதால் நர்ஸ் பெரிய நரம்பாகப் பார்த்துக் குத்தி, பம்பில் அளவு வைத்து ஏற்றினாள். வலிப்பு நின்றது. கண் திறந்தார். ரத்தத்தைச் சோதித்ததும் டாக்டர் போதும் என்றார். அவள் நிறுத்தினாள்.

சண்டை அங்கேதான் பிடித்தது.

3

ஓரகத்தியை வில்லியாக்கிவிடலாம் என்று நினைத்தேன். சுலபமான வேலை. மாடி அறை யாருக்கு என்று சண்டை வந்து குடும்பம் பிரிந்ததிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆனால் நர்ஸ் ஓரத்தில் எழுதினாள்: 'அவங்க கெட்டவங்க இல்ல. பயந்துட்டாங்க.' சரி, வில்லி கிடையாது.

"இன்னும் பட்டறையில இருக்கறதா நெனச்சுப் பேசுறாரு. என்னையே யாருன்னு கேக்குறாரு. இன்னொரு பை போட்டா என்னடி கொறஞ்சுபோகும்?"

"கொறையாதுக்கா, கூடிப்போகும். அதான் பயமே."

"உப்பு இல்லாமத்தானே விழுந்தாரு?"

"ஆமா. ஆனா இத்தனை நாளா மூளை அந்தக் கொறைச்சலுக்குப் பழகிக் கெடக்கு. ஒரேயடியா ஏத்துனா மூளை நரம்போட உறையே பாழாயிடும். இன்னைக்கு நல்லாப் பேசுவாரு. நாலு நாள் கழிச்சு வாய் கொழறும், முழுங்க முடியாது, கைகால் வராது. அப்புறம் எந்தப் பையைத் தொங்கவிட்டும் பிரயோஜனம் இல்ல."

"மாடி ரூமை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுற."

 நர்ஸ் அவரைப் பார்க்க உள்ளே போனாள்.

4

என் முதல் பிரதியில் இங்கே பிரமாதமான ஒரு காட்சி இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஓரகத்தி உள்ளே நுழைந்து, தொங்கும் பையின் திருகை—

பக்கம் முழுக்க நர்ஸின் சிவப்புக் கோடு. "நிறுத்தின பையை நான் தொங்கவே விடமாட்டேன், கழட்டிக் கொண்டுபோயிடுவேன். பாக்க சாதா சலைன் மாதிரியேதான் இருக்கும். அவசரத்துல யாராவது மாத்தி மாட்டிட்டா?"*

* இதைவிடப் பல மடங்கு உப்பு கூடிய சிறு குப்பிகளும் உண்டாம். கலக்காமல் அப்படியே உடம்பில் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் வார்டு அலமாரியில் வைக்காமல் மருந்துக் கிடங்கில் தனியாகப் பூட்டி வைக்கிறார்கள்.

ஆக, காட்சி போயிற்று. நடந்தது அதைவிடப் பயங்கரம், ஆனால் சத்தமில்லாதது. குடத்தின் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை தெளிந்த தண்ணீராக மளமளவென்று நிரம்பியது. ஓரகத்திக்கு அது நல்ல சகுனம். நர்ஸுக்கோ அது அபாய அறிகுறி. உடம்பு தானாகவே தண்ணீரைத் தள்ளத் தொடங்கினால், ஒரு சொட்டு ஏற்றாமலே உப்பு எகிறும். டாக்டரிடம் ஓடினாள். சோதித்தால், ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்ற எல்லையை உப்பு முட்டிக்கொண்டு நின்றது. சிறுநீரைக் கட்டுப்படுத்த ஊசி போட்டு, உப்பே இல்லாத குளுக்கோஸ் தண்ணீரை ஏற்றினார்கள்.

"உப்பு கொறஞ்ச மனுஷனுக்கு சக்கரைத் தண்ணியா! ஐயோ, என் புருஷனைக் கொல்றாளே!"

டாக்டர் வந்து விளக்கினார். காதில் ஏறவில்லை. பிறகு நர்ஸ் வெளியே வந்தாள்.

"அக்கா, என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா உள்ள வந்து அவர் பக்கத்துல ஒக்காந்து திட்டுங்க. உங்க குரல் கேட்டாத்தான் அவர் திரும்பிப் பாக்குறாரு."

ஓரகத்தி உள்ளே போய் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

5

பிழைத்தாரா? பிழைத்தார். உங்களை நகம் கடிக்க வைக்கும் எண்ணம் எனக்கில்லை.

உப்பு மெல்ல மெல்லத்தான் ஏறியது. தினமும் காலையில் நர்ஸ் அவரைப் பேசச் சொன்னாள், விழுங்கச் சொன்னாள், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவள் சொன்ன அந்த நாலு நாளும் தாண்டிய பிறகு ஒருநாள் அவர், "தெனம் இதே வேலையா? உனக்கு வேற நோயாளியே கெடைக்கலையாம்மா?" என்றார், தெளிவாக, ஓர் எழுத்தும் குழறாமல்.

அவள் அழுதாள் என்று எழுதினேன். 'சிரிச்சேன்' என்று திருத்தினாள். இரண்டும் இருக்கட்டும்.

6

முடிவு ஒன்று: ஓரகத்தி அவள் கைகளைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். (சீ!)

முடிவு இரண்டு: ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறாள். இதுவும் பொய். வீட்டுக்கு அனுப்பிய அன்று, கணவரைக் கொழுந்தனோடு காரில் ஏற்றிவிட்டு அவள் மட்டும் மேலே வந்தாள். நர்ஸின் வேலை முடியும்வரை லிஃப்ட் வாசலில் நின்றாள். தம்பியின் கட்டைப் பிரிக்க நாள் கேட்க வந்த நான் கண்ணால் பார்த்தேன்.

நர்ஸ் வந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் திறந்தது.

"ஏறு" என்றாள் ஓரகத்தி.

ஏறினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று பிற்பாடு நர்ஸிடம் கேட்டேன். "அது எங்க வீட்டு விஷயம், சார்" என்று சொல்லிவிட்டாள். கற்பனை செய்து எழுதலாம். எனக்குக் கை வராமலில்லை. ஆனால் மாட்டேன்.

கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. உள்ளே ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள், நான் படிக்கட்டில் இறங்கி வருகிறேன்.